கை தூக்கியவர்களின் கணக்கு

அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது எங்கள் மாத இதழின் ஆசிரியர் ஒரு வேலையைத் தலையில் கட்டினார். "எப்படியும் தங்கச்சி வீட்டுக்குத்தானே போறீங்க. அந்த இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவங்கன்னா யாரு, எத்தனை பேரு, எலெக்‌ஷன்ல அவங்களுக்கு ஏன் இவ்வளவு மவுசுன்னு விசாரிச்சு எழுதிட்டு வந்துருங்க. நீங்களும் அந்தப் பக்கம்தானே" என்றார். நான் பாளையங்கோட்டைக்காரன், பிறப்பால் கிறிஸ்தவன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யாராவது தவறிப்போனால் அடக்க ஆராதனை என்று கோயிலுக்குப் போகிற ரகம். அவருக்கு அது போதும். பல்லைப் பற்றிக் கட்டுரை வேண்டுமென்றால் பல் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மனிதர்.

எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. சபையில் பெயர் இருக்க வேண்டும், சந்தா கட்ட வேண்டும். கட்டினால் நீங்கள் அந்தச் சபை ஆள். கட்டாமல் விட்டால் பிள்ளையின் கல்யாண அறிவிப்பை, ஓலை என்று, கோயிலில் வாசிக்கிற நேரத்தில் ஞாபகப்படுத்துவார்கள். நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் இப்படி ஏதாவது ஒரு அளவுகோல் இருக்கும், கேட்டு எழுதிவிட்டால் மிச்ச நாளெல்லாம் தங்கை கையால் மீன் குழம்பு சாப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் நியூ ஜெர்சி. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழனாக இருந்த சுலைமான் அங்கே எடிசனில் இருக்கிறான். காயல்பட்டினத்துக்காரன். போன அன்று நெய்ச்சோறும் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் தானே சமைத்துப் போட்டான். இருபத்தைந்து வருட அமெரிக்க வாழ்க்கை அவன் கைப்பக்குவத்தை ஒன்றும் செய்யவில்லை. என் வேலையைச் சொன்னதும் சிரித்தான். "ஏல, என்னைய எண்ணுறது ஈஸி. பேரைச் சொன்னாப் போதும், ஏர்போர்ட்லயே எண்ணிருவான். உங்க ஆளுங்களை எண்ணுறதுதாம்ல கஷ்டம்" என்றான்.

மறுநாள் அவனே காரில் ஒரு பழைய செங்கல் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனான். வாசல் பலகையில் இவாஞ்சலிக்கல் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அடடா, முதல் நாளே ஆள் கிடைத்துவிட்டார்கள் என்று இறங்கினேன். வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் அங்கே பாஸ்டர். என் கேள்வியைக் கேட்டதும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். இந்தச் சொல்லை எங்கள் முன்னோர்கள் ஜெர்மனியிலிருந்து கொண்டு வந்தார்கள், இப்போது டிவியில் இந்தச் சொல்லைச் சொன்னால் அது நாங்கள் இல்லை, அவர்கள் அரசியலும் எங்கள் அரசியலும் வேறு என்றார். "அப்படியானால் பலகையை மாற்றக் கூடாதா?" என்று கேட்டேன். "எதற்கு? முதலில் எங்களிடம்தானே இருந்தது" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்டத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது சுலைமானின் கார் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் மாற்றுச் சக்கரத்தை வைக்கிற இடத்தில் பேரனின் கால்பந்துச் சாமான்கள் இருந்தன. அவன் மெக்கானிக்குக்காகக் காத்திருக்க, நான் வாடகைக் காரில் வீடு திரும்பினேன். ஓட்டியவர் அறுபது வயதிருக்கும் கறுப்பினப் பெண்மணி. வண்டிக்குள் கர்த்தர் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானாகக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எந்த வயதில் விசுவாசத்தில் மறுபடியும் பிறந்தார், எப்படி இரட்சிக்கப்பட்டார், வேதத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஏன் உண்மை என்று வழிநெடுகச் சாட்சி சொன்னார். எங்கள் ஊர் உபவாசக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இறங்கும்போது, "அப்போ நீங்கள் இவாஞ்சலிக்கல்தானே?" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் கிறிஸ்தவள் தம்பி. அந்தச் சொல் வேறு ஆட்களுடையது" என்றார். எல்லாத் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சியின் கழுதைச் சின்னத்துக்குத்தான் போட்டிருக்கிறாராம். அதையும் நான் கேட்கவில்லை.

ஆக, பலகையில் பெயர் இருக்கிறவர் அந்த ஆள் இல்லை. நம்பிக்கை முழுக்க இருக்கிறவரும் அந்த ஆள் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்தது கலிஃபோர்னியா. சன்னிவேலில் மீனாட்சி என்று ஒரு பெண், ஆசிரியரின் சொந்தக்காரர், திருச்சி. கருத்துக்கணிப்புக்குக் கேள்விகள் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. அவளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரயிலில் போனேன். நம் ஊர் எலெக்ட்ரிக் ட்ரெயின் பழக்கத்தில், வந்த வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அது சன்னிவேலில் நிற்காத வண்டி. ஊர் கண்ணெதிரே கடந்து போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன இளைஞர் காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் வண்டி பிடிக்கச் சொன்னார். பெட்டி முழுக்க ஆட்கள், ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போவதற்குள் எத்தனை குடும்பக் கதை காதில் விழும்!

எல் கமினோ சாலையில் ஒரு தோசைக் கடையில் மீனாட்சி காத்திருந்தாள். "வாங்க அங்கிள்" என்றாள். அவளுக்கே நாற்பது இருக்கும். இந்த ஊரில் எல்லாரும் அங்கிள்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தோசை நன்றாகவே இருந்தது. சாம்பாரில் யாரோ சர்க்கரை போட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியில் நான் பட்ட பாட்டைச் சொன்னதும் அவள் தலையாட்டினாள்.

"மூணு மெத்தட் இருக்கு அங்கிள். நீங்க யாருன்னு உங்களையே சொல்லச் சொல்றது ஒண்ணு. எந்த சர்ச்சுக்குப் போறீங்கன்னு கேட்டு, அதை வச்சு க்ளாசிஃபை பண்றது ஒண்ணு. இல்லைன்னா பைபிள், இரட்சிப்பு அப்படின்னு நாலு நம்பிக்கையைக் கேட்டு நாங்களே டிசைட் பண்றது. மூணுலயும் மூணு விதமா ஆன்சர் வரும். எது சரின்னு எங்க ஆஃபீஸ்லயே சண்டை."

அந்த டிரைவர் அம்மாள் மூன்றாவது கேள்வியில் உள்ளே வருவார், முதல் கேள்வியில் வெளியே போவார். அதோடு, பேப்பர்காரர்கள் இவாஞ்சலிக்கல் ஓட்டு என்று எழுதும்போது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்கிறார்கள், கறுப்பினத்தவரைத் தனியாக எண்ணுகிறார்கள் என்றாள் மீனாட்சி. இன்னொரு கூத்தையும் சொன்னாள். சர்ச் வாசலை மிதிக்காதவர்கள்கூட இப்போது நான் இவாஞ்சலிக்கல் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். நான் இந்தக் கட்சி என்று சொல்வதற்கு அது இன்னொரு வழியாகிவிட்டது. எனக்கு இது சட்டென்று புரிந்தது. நம் ஊரில் ஒவ்வொரு சாதிச் சங்கமும் மாநாடு போட்டு, நாங்கள் இத்தனை பேர், இத்தனை தொகுதியில் எங்கள் ஓட்டுதான் என்று சொல்கிற எண்ணிக்கையையெல்லாம் கூட்டினால் தமிழ்நாட்டு மக்கள்தொகையைத் தாண்டிவிடும். எண்ணிக்கை இருந்தால்தான் சீட்டுக் கேட்க முடியும். எண்ணப்படுகிறவனை யாரும் கேட்பதில்லை.

மீனாட்சி தன் மகனைக் கோடை விடுமுறையில் பக்கத்துச் சர்ச்சில் நடக்கும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை பைபிள் பள்ளிக்கு அனுப்புகிறாளாம். "டே கேம்ப் எல்லாம் யானை விலை அங்கிள். இது ஃப்ரீ. ஒரு வாரம் நிம்மதியா வேலை பாக்கலாம். பையன் வந்து நோவா கதை சொல்றான், எங்க மாமியார் பதிலுக்கு மச்சாவதாரம் சொல்றாங்க" என்றாள். அந்த மாமியாரைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார்.

குபெர்டினோவில் ஒரு நாகர்கோவில் பையனையும் பார்த்தேன். பெரிய கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதை அலுவலகத்தில் சொல்வதில்லையாம். "சொன்னா நான் யாருக்கு ஓட்டுப் போடுறேன்னு அவங்களே முடிவு பண்ணிருவாங்க சார். எனக்கு ஓட்டே கிடையாது, ஹெச் ஒன் வேலை விசால இருக்கேன்" என்றான்.

டெக்சாஸுக்குப் போனதும் வெயில் நம்மூர் மாதிரி அடித்தது. விமான நிலையத்துக்கு என் தங்கை கிரேஸும் மாப்பிள்ளை ஜெயசீலனும் வந்திருந்தார்கள். இர்விங்கில் வீடு. மாப்பிள்ளைக்கு லாஸ் கொலினாஸில் அலுவலகம், கிரேஸ் நர்ஸ். புல்வெளியில் குடியரசுக் கட்சியின் யானைச் சின்ன வேட்பாளர் பலகை ஒன்று நட்டிருந்தார் மாப்பிள்ளை. அவருக்குப் போன வருடமே குடியுரிமை வந்துவிட்டது. ஒன்றாகத்தான் விண்ணப்பித்தார்கள், கிரேஸின் கோப்பு மட்டும் எங்கோ சிக்கிக்கொண்டது. இப்போது அவளுக்கு நேர்காணல் தேதி வந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவெல்லாம் குடியுரிமைப் பரீட்சைக்கான கேள்வி பதில்கள். சீலா மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே அமெரிக்க அரசியல் சட்டத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவள் இப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம், அதில் பாதிக்கு மேல் கிரீன் கார்டு வரிசையில் போனது. இனி அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நேர்காணல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபைக்குப் போனோம். அமெரிக்கர்களின் சர்ச். காலையில் அவர்கள் ஆராதனை முடிந்து போனதும் பிற்பகலில் அதே கட்டடத்தில் தமிழ் ஆராதனை. அந்தச் சபைக்காரர்கள் நல்ல மனதோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பாதி பேர் வேலை விசாவில் வந்த இளைஞர்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் ஒரு வரிசை. பாமாலையும் உண்டு, கைதட்டிப் பாடுவதும் உண்டு. கிரேஸ் பாடகர் குழுவில் இருப்பதால் என்னையும் முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரசங்கத்துக்கு முன் ஒரு சிறப்பு விருந்தினர் மேடையேறினார். அந்த அமெரிக்கச் சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர், உள்ளூர்த் தேர்தலில் நிற்கிறார். உயரமான மனிதர், காலில் பூட்ஸ், முகத்தில் நல்ல சிரிப்பு. பெயரும் பதவியும் வேண்டாம். ஆராதனையில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று பாஸ்டர் முன்பே சொல்லியிருந்தாராம். அவரும் கேட்கவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார், பாஸ்டர் தமிழில் சொன்னார். வேதம் தேவனுடைய வார்த்தை என்று விசுவாசிக்கிறவர்கள் யார்? எல்லாக் கையும் எழுந்தது. மறுபடியும் பிறந்தவர்கள் யார்? எழுந்தது. இவாஞ்சலிக்கல்களாகிய நம்மில் நவம்பரில் ஓட்டுப் போடப் போகிறவர்கள் யார்? அதற்கும் எல்லாக் கையும் எழுந்தது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து நற்செய்திக் கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேடையில் இருப்பவர் கை தூக்கச் சொன்னால் தூக்குவோம். ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் யார் என்றாலும் தூக்குவோம், சீனாவுக்கு மிஷனரியாகப் போக ஆயத்தமானவர்கள் யார் என்றாலும் தூக்குவோம். வந்தவரை வாடிய முகத்தோடு அனுப்புவது நமக்குப் பழக்கமில்லை. கேள்வியைக் கேட்டு யோசித்துத் தூக்குகிறவர் பந்தலில் அபூர்வம். சரி, மற்றவர்களைச் சொல்வானேன், சுற்றுலா விசாவில் வந்திருக்கிற என் கையும் மூன்று தடவையும் மேலே இருந்தது. இவாஞ்சலிக்கல்களை எண்ண வந்தவன் நான்! அந்த மனிதர் மேடையிலிருந்து வரிசை வரிசையாக எண்ணினார். அவருடன் வந்தவர் ஃபோனில் படம் பிடித்தார்.

ஆராதனை முடிந்து தேநீரும் சமோசாவும். பெண்கள் பரிமாற, நான் ஆண்கள் கூட்டத்தில் நின்று என் விசாரணையை நடத்தினேன். மாப்பிள்ளை கருக்கலைப்பு, குடும்பம், பள்ளிக்கூடப் பாடம் என்று விளக்கினார். இன்னொருவர், விசா விஷயத்தில் யானைக் கட்சிக்காரர்கள் நம்மை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள், ஆனாலும் விசுவாசம் முக்கியம் என்றார். மூன்றாமவர், இரண்டு கட்சியும் வேண்டாம், ஜெபம் பண்ணுவோம் என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். சமோசா ஆறிப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து இரவுச் சாப்பாட்டில் கிரேஸின் மகள் ஷாரன் ஃபோனை நீட்டினாள். "மாம், யூ ஆர் இன் திஸ். மாமா டூ" என்றாள். அந்த வேட்பாளரின் பக்கத்தில் வந்த வீடியோ. முன்வரிசையில் கிரேஸ், பாடகர் குழுவுக்கே உரிய நேரான கை. பக்கத்தில் நான், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. கீழே வாசகம்: இர்விங்கின் இந்திய இவாஞ்சலிக்கல் வாக்காளர்கள் ஒருமனதாக எங்களோடு. எத்தனை பேர் என்றும் போட்டிருந்தது. இருநூறு சொச்சம். அந்த மண்டபத்தில் ஓட்டுரிமை உள்ளவர்கள் கால்வாசி தேறினால் அதிகம்.

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். கிரேஸ் சிரிக்கவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், நேர்காணலுக்காக அவள் படித்துக்கொண்டிருந்த கேள்விகளை எடுத்து வந்தாள். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்று எழுத்திலோ வேறு எந்த விதத்திலோ எப்போதாவது சொல்லிக்கொண்டது உண்டா? இதற்கு ஆம் என்று பதில் வந்தால் குடியுரிமை போவது மட்டுமில்லை, கையிலிருக்கிற கிரீன் கார்டுக்கும் ஆபத்து வரலாம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"சிட்டிசன் மட்டும்தானே ஓட்டுப் போட முடியும். வேற எந்த விதத்துலயும்னா கையத் தூக்குறதும்தானே அண்ணே?" என்றாள்.

மாப்பிள்ளை வக்கீலுக்கு ஃபோன் போட்டார். கூட்டத்தில் கை தூக்கியது ஒன்றும் குடியுரிமை கோருவது ஆகாது, பயப்படாதீர்கள், கேட்காத எதையும் நீங்களாகச் சொல்லாதீர்கள், கேட்டதற்குப் பொய் சொல்லாதீர்கள் என்றாராம் வக்கீல். மாப்பிள்ளைக்கு அதில் முதல் பாதி போதும். கிரேஸ் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள் என்பதுதான் அவள் கவலை.

மறுநாள் பாஸ்டரைப் பார்க்க நானும் அவளோடு போனேன். தங்கமான மனிதர், இளைஞர், அவரும் விசாவில்தான் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. உடனே அந்த வேட்பாளரிடம் பேசினார். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, அன்று மாலைக்குள் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் எண்ணிக்கையைக் கட்சிக் கூட்டத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். அது தப்பு என்று அவரிடம் சொல்லுங்கள் பாஸ்டர் என்றாள் கிரேஸ். பாஸ்டர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். மண்டபம் அந்த வேட்பாளரின் சபைக்காரர்களுடையது. "ஜெபிப்போம் சிஸ்டர்" என்றார். எங்கள் சபைகளில் இதைப் பாதி நேரம், முடியாது என்பதற்குப் பதிலாகச் சொல்வார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விசிறியைத்தான் பார்த்திருப்பேன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் இதே பேச்சு. மாப்பிள்ளை கெஞ்சிப் பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார். இல்லை என்று ஒரே வார்த்தை, சொல்லிவிட்டு வா, உலகத்தில் எவனுக்குத் தெரியப் போகிறது என்றார். பதினெட்டு வருடத்தை ஒரு கைக்காகத் தூக்கிப் போடுவாயா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

"சத்தியம் பண்ணிட்டு உக்காருவேன்ல. அதுக்கப்புறம் இல்லைன்னு எப்படிச் சொல்ல?" என்றாள் கிரேஸ். "நீங்க ரெண்டு பேரும் சொல்றது எனக்குப் புரியாம இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. தூக்கமே வரல. ஆனா பொய் சொல்லி வாங்குன பேப்பரை வச்சுக்கிட்டு நான் கோயில்ல போய் எப்படிப் பாட?"

மாப்பிள்ளை எழுந்து வெளியே போய், தண்ணீர் விட்டாயிற்று என்று தெரிந்தும் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டார்.

நேர்காணல் அன்று மூவரும் போனோம். உள்ளே அவளை மட்டும்தான் விடுவார்கள். நானும் மாப்பிள்ளையும் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் ஸ்டியரிங் உறையில் பிரிந்திருந்த நூலை உருவிக்கொண்டே இருந்தார். ஒரு குடும்பம் உள்ளிருந்து வந்து கொடியோடு படம் எடுத்துக்கொண்டது. இன்னொரு ஆள் தனியாக வந்து, காரில் ஏறி, கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிரேஸ் வெளியே வந்தபோது அவள் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, ஷூவைக் கழற்றினாள்.

"பாஸ்" என்றாள். மாப்பிள்ளை ஸ்டியரிங் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டார்.

அப்புறம் சொன்னாள். வயதான அதிகாரி. சத்தியப் பிரமாணத்துக்கு எழுந்து வலது கையைத் தூக்கச் சொன்னாராம், அவளுக்குக் கை எழும்பவே இல்லையாம். உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி வந்ததும், எனக்குத் தெரியவில்லை சார், நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள் என்று ஆரம்பித்து, பாஸ்டர், விருந்தினர், வீடியோ எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுத்தாயா, ஓட்டுப் போட்டாயா, யாரிடமாவது குடியுரிமை இருக்கிறது என்று சொன்னாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். இல்லை, இல்லை, இல்லை. பிறகு ஏன் கை தூக்கினாய் என்றாராம். எல்லாரும் தூக்கினார்கள் என்றாளாம். அவர் கொஞ்ச நேரம் எதையோ டைப் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம்.

இனி உறுதிமொழி விழாவுக்குத் தேதி வர வேண்டும். நவம்பருக்குள் வருமா என்று தெரியாது. மாப்பிள்ளை காரைக் கிளப்பினார். ஃப்ரீவேயில் ஏறியதும் அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. "எல்லாம் வந்துரும். இனி நம்ம வீட்டுல நமக்கு ரெண்டு ஓட்டு மச்சான், எழுதிக்கோங்க" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுதாங்க" என்றாள் கிரேஸ் பின்னாலிருந்து. கோபமே இல்லை குரலில். "இன்னொண்ணு என்னோடது. அது யாருக்குன்னு இதுவரைக்கும் என்கிட்ட யாருமே கேக்கலையே."

மாப்பிள்ளை கண்ணாடியில் அவளைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. துடைப்பத்தோடு நின்ற பாஸ்டரம்மாவைக் கேட்டேன், டிரைவரைக் கேட்டேன், சமோசாவும் கையுமாக நின்ற அத்தனை ஆண்களையும் கேட்டேன். இரண்டு வாரமாக இவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு இவளைக் கேட்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, "நீ சொல்லும்மா, யாருக்குப் போடப் போற?" என்றேன்.

சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததையும், வேதத்தில் படித்ததையும், விசா வரிசையில் நின்றதையும் சேர்த்து, இத்தனை வருடமும் மனதுக்குள் வைத்திருந்தவள் போல நிறுத்தாமல் சொன்னாள். மாப்பிள்ளை எங்கள் எக்ஸிட்டைத் தவறவிட்டார், அடுத்ததையும் தவறவிட்டார். அவள் சொன்னதை ஆசிரியருக்கு நான் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. அது அவள் ஓட்டு, எண்ணுகிற அன்றைக்கு எண்ணிக்கொள்ளட்டும்.